கோத்தகிரியில் இரண்டு மாடி அலுவலகம்: கான்கிரீட்டை விட்டு மரத்தில் கட்டலாமா?

கேள்வி: தேயிலைக்கணக்கு (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியில் ஒரு கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். சிறு தேயிலை விவசாயிகளின் வரவு செலவு, நாலைந்து ஃபேக்டரிகளின் ஜிஎஸ்டி, அப்புறம் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு இரவு ஷிப்டில் பில் சரிபார்ப்பு. முப்பத்தைந்து பேர் இருக்கிறோம். இப்போதைய வாடகைக் கட்டடத்தில் டிசம்பர் வந்தால் பிள்ளைகள் சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் கீபோர்டைத் தட்டுகிறார்கள். மழைக்காலம் முழுக்க வடக்குச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. போன வருடத்து ஃபைல்களைத் திறந்தாலே தும்மல்.

சொந்தமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று டவுனுக்கு வெளியே 15 சென்ட் வாங்கியிருக்கிறோம். நல்ல சரிவு நிலம். மாடிக்கு 3,000 சதுர அடி, இரண்டு மாடி, அவ்வளவுதான் தேவை. பெங்களூரு ஆர்க்கிடெக்ட் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ‘மாஸ் டிம்பரில் செய்வோம்’ என்கிறார். பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பசை போட்டு அழுத்தி, சுவர் அளவுக்குப் பெரிய பாளமாக ஆக்குவார்களாம். அதற்குப் பெயர் சிஎல்டி. ஐரோப்பாவிலிருந்து வரவழைக்கலாம், ஒரே மாதத்தில் எழுப்பிவிடலாம் என்கிறார். நார்வேயில் 18 மாடி மரக் கோபுரம், அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து ஏழு மாடி அலுவலகம் என்று படம் படமாகக் காட்டினார். படத்தைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது.

என் மாமனார் தேயிலை ஃபேக்டரியில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவர். ‘சுற்றுச்சூழல் என்று சொல்லிவிட்டு மரத்தை வெட்டியா கட்டுவீர்கள்?’ என்று ஒரே வரியில் கேட்டுவிட்டார். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. இன்னொன்று: இங்கேதான் சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் அந்நிய மரம் என்று வெட்டி லாரி லாரியாக இறக்குகிறார்களே, அதை விட்டுவிட்டு ஐரோப்பாவிலிருந்து எதற்கு?

மழை, தீ, காப்பீடு, சரிவு, இந்த நான்கும்தான் என் கவலை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில்: பனிமூட்டம் (ஊட்டி)

அக்கா, ஊட்டி மழையில் மர ஜன்னலே ஜூலையில் மூடாது, நவம்பரில் திறக்காது. இதில் முழுக் கட்டடத்தையே மரத்தில் கட்டினால் வருஷா வருஷம் பாலிஷ் அடிப்பவர்தான் சம்பாதிப்பார். கான்கிரீட் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.


பதில்: ஆப்பும்_உளியும் (குன்னூர்)

ஊட்டித் தம்பி சொல்வதை நான் ஒதுக்கமாட்டேன், ஆனால் அவருடைய ஊரிலேயே ஸ்டீஃபன்ஸ் சர்ச் இருக்கிறது. 1830இல் கட்டி முடித்தது. உள்ளே இருக்கும் பெரிய உத்தரங்கள் எல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு அரண்மனையிலிருந்து பிரித்துக்கொண்டு வந்தவை. அதாவது அந்த மரம் நம் மலைக்கு வருவதற்கு முன்பே ஒரு கட்டடத்தில் உழைத்த மரம். இரண்டு நூற்றாண்டு மழை பார்த்தும் நிற்கிறது, காரணம் அது நனையவில்லை. நனையும் இடத்தில் இருக்கும் ஜன்னலையும், கூரைக்கடியில் இருக்கும் உத்தரத்தையும் ஒரே மரமாக எண்ணக் கூடாது.

நான் கட்டமைப்புப் பொறியாளர். வெளிநாட்டில் சில வருடம் மரக் கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டுவிட்டு இப்போது குன்னூரில் இருக்கிறேன். அக்கா கேட்ட வரிசையில் போகாமல், எது முக்கியமோ அதிலிருந்து சொல்கிறேன்.

சரிவுதான் முக்கியம். உங்கள் ஆர்க்கிடெக்ட் காட்டிய படம் எதிலும் இது இருந்திருக்காது, அந்தக் கட்டடங்கள் நிற்பதெல்லாம் தட்டையான மனையில். நம் ஊரில் ஒரு கட்டடத்தால் மலைக்கு வரும் கெடுதலில் பெரும்பங்கு சுவர் எழும்புவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பொக்லைன் வைத்துச் சரிவைச் செங்குத்தாக வெட்டித் தளம் எடுக்கிறோம். வெட்டிய முகத்தைப் பிடித்து நிறுத்த இருபது அடித் தடுப்புச் சுவர், அதில் போகும் சிமென்டும் கம்பியும் கட்டடத்துக்கே போட்டியாக இருக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போனதை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. பொக்லைன் இறக்க நிர்வாக அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடும் சும்மா வரவில்லை.

இப்போது எடையைப் பாருங்கள். உங்கள் மேல்தளம் 3,000 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 280 சதுர மீட்டர். 150 மி.மீ. கான்கிரீட் தளம் போட்டால் 42 கன மீட்டர், 105 டன். அதே இடத்தில் 140 மி.மீ. கனத்துக்கு மரத்தளம் போட்டால் 25 டன்னுக்குள் முடியும். மேலே 50 மி.மீ. கான்கிரீட் பூச்சு போட்டாலும் 60 டன் தாண்டாது. கான்கிரீட் தளத்துக்கும் மேல்பூச்சு, டைல்ஸ் என்று தனி எடை உண்டு, அதை நான் சேர்க்கவே இல்லை. கீழே இறங்கும் பாரம் இப்படிக் குறைந்தால் சரிவை வெட்டித் தட்டையாக்க வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது. தூணுக்குத் தூண் தனித்தனி அஸ்திவாரம், சரிவோடு படிப்படியாக இறங்கும் கருங்கல் பீடங்கள், அதற்கு மேல் மரத்தூண். மழைத் தண்ணீர் கட்டடத்துக்கடியில் அதன் போக்கில் போகட்டும். நில அதிர்வுக் கணக்கிலும் எடை குறைந்தால் விசை குறையும். என்னைக் கேட்டால் மலையில் மரத்தில் கட்டுவதற்கு இந்த ஒரு காரணமே போதும், கார்பன் எல்லாம் அப்புறம்தான்.

ஆர்க்கிடெக்ட் அந்தத் தடுப்புச் சுவரை அப்படியே வைத்துக்கொண்டு மேலே மட்டும் மரம் வரைந்திருந்தால், வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி அந்தப் படங்கள். மினியாபொலிஸ் கட்டடம் 2016இல் வந்தது. அதன் தளம் உங்களுக்குச் சொன்ன சிஎல்டி இல்லை. பலகைகளை நெட்டுக்குத்தாக, ஒன்றோடொன்று முதுகு ஒட்டி நிறுத்தி, பக்கவாட்டில் ஆணி அடித்தே செய்த தளம். பசை இல்லை, ராட்சத அழுத்து இயந்திரம் இல்லை. நம் ஊர் ஆசாரியிடம் 38 மி.மீ. கனம், 140 மி.மீ. அகலத்தில் இழைத்த பலகையும் ஆணித் துப்பாக்கியும் கொடுத்தால் இதைச் செய்துவிடுவார். உத்தரத்துக்கு உத்தரம் நான்கு மீட்டர் இடைவெளி வைத்தால் அலுவலகப் பாரத்துக்கு இந்தக் கனம் தாங்கும், ஆட்டம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டு. மேலே ஒரு அடுக்கு பிளைவுட் அடித்தால் காற்று, அதிர்வு விசைகளுக்குத் தளம் ஒரே தகடாக வேலை செய்யும். நார்வே கோபுரத்தில் வேறு கதை: 85 மீட்டர் உயரம், மரம் அதிக லேசாக இருந்ததால் காற்றில் ஆடுமென்று மேல் மாடிகளுக்குக் கான்கிரீட் தளம் போட்டார்கள். உங்கள் இரண்டு மாடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மலைப்பகுதி உயர விதி இருக்கும்போது இங்கே யாருக்கும் கோபுரக் கணக்கு தேவைப்படாது.

சிஎல்டி மோசமான பொருள் என்று சொல்லவில்லை. 1990களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் உருவான அருமையான பொருள்தான். ஆனால் அந்தப் பாளம் பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளத்தில் வரும். நாற்பதடி டிரெய்லர் கோத்தகிரி ரோட்டு வளைவுகளில் திரும்புவதை முதலில் யாராவது எனக்குக் காட்டட்டும். மேட்டுப்பாளையத்தில் இறக்கி, சின்ன லாரியில் ஏற்றி, அப்புறம் உங்கள் சரிவில் கிரேன் நிறுத்த இடம் தேடி... ஆணித்தளம் என்றால் பலகை பலகையாக ஏறும், ஆள் தூக்கலாம்.

தீ. கனமான மரம் வெளிப்பக்கம் கரியாகிக்கொண்டே உள்ளே போகும், அந்தக் கரியே உள்மரத்துக்குக் காப்பு. ஒட்டு உத்தரத்துக்கு, அதாவது பலகைகளைப் பசை போட்டு ஒட்டிச் செய்த உத்தரத்துக்கு, கரியாகும் வேகம் நிமிடத்துக்கு 0.7 மி.மீ. என்று வைத்துக் கணக்கிடுவோம். ஒரு மணி நேரத்துக்கு 42, சூட்டில் பலமிழந்த அடுக்குக்கு 7 சேர்த்தால் ஒவ்வொரு முகத்திலும் 50 மி.மீ. போயிற்று. 300 மி.மீ. தூணில் நடுவில் 200 மிஞ்சும். அந்த 200 பாரத்தைத் தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் வடிவமைப்பு. நான் பயப்படுவது இணைப்பு இரும்புக்குத்தான். 600 டிகிரிக்குள்ளேயே இரும்பு பாதிப் பலத்தை இழந்துவிடும். அதனால் இணைப்புத் தகட்டை மரத்துக்குள் பிளந்து நுழைத்து, போல்ட் தலைக்கு மேல் மரத்தக்கை அடித்து மூடச் சொல்லுங்கள். அழகுக்காக இரும்பை வெளியே காட்டும் ஆர்க்கிடெக்ட்டுகள் நிறைய இருக்கிறார்கள், விட்டுவிடாதீர்கள்.

மழை பற்றி நாளைக்கு எழுதுகிறேன், அது ஒரு தனிப் புராணம்.


பதில்: மரவாடி (மேட்டுப்பாளையம்)

சீகை, கற்பூரம் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் தொழில் அதுதான்.

சீகையில் உத்தரம் கேட்டு வராதீர்கள் மேடம். கட்டை கையளவு, தொடையளவுதான் வரும், அதுவும் கோணல். பட்டை தோல் பதனிடப் போனது, கட்டை தேயிலை ஃபேக்டரி அடுப்புக்குப் போகிறது. அதுவே அதற்குச் சரியான வேலை.

கற்பூர மரம் வேறு. 1843இல் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்தது என்பார்கள், இன்றைக்கு அது இல்லாத மேடு இல்லை. பலமான மரம், தூண் கனத்துக்கு வரும். சிக்கல் என்னவென்றால் நிற்கும்போதே மரத்துக்குள் முறுக்கம் இருக்கிறது. வாளில் விட்டதும் பலகை வில்லாக வளையும், முனை பிளந்துவிடும். அவசரமாகக் காயவைத்தால் உள்ளுக்குள் குழிந்து, இழைக்கும்போது மேடு பள்ளமாக வரும். ஸ்பெயினிலும் டாஸ்மேனியாவிலும் கற்பூர வகை மரத்தை ஒட்டு உத்தரமாகவும் பாளமாகவும் செய்கிறார்கள் என்று படித்தேன். அவர்கள் சின்னச் சின்னப் பலகையாக அறுத்து, சூளையில் பக்குவமாகக் காயவைத்து, கெட்டதைக் கழித்துவிட்டு ஒட்டுகிறார்கள். நம் பக்கம் ஒரு காலத்தில் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழாகப் போனது, இப்போது பெரும்பாலும் காகிதத்துக்கும் விறகுக்கும்தான். கட்டட மரமாகத் தயார் செய்யும் ஏற்பாடு என் பார்வையில் இங்கே யாரிடமும் இல்லை.

உங்களுக்குச் சில்வர் ஓக்தான். தேயிலைத் தோட்டத்து நிழல் மரம், நேராக வளரும், அறுக்க லகுவானது, ஆணி ஏறும். பிளைவுட்டுக்குக் காலங்காலமாகப் போகிறது, ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிக்கும் போனது. ஆனால் பச்சையாக விட்டால் பூச்சி சீக்கிரம் விழும், அதனால் அறுத்த ஈரத்தோடே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் முக்கி, மூடி வைக்க வேண்டும், மருந்து ஈரத்தோடு உள்ளே இறங்கும். காய்ந்த பிறகு முக்கினால் மேலோடு நின்றுவிடும். இந்த மருந்து மழையில் கரைந்து போகும், ஆகவே உள்வேலைக்கு மட்டும்.

காயவைப்பதைக் கோத்தகிரியில் செய்யாதீர்கள். மூடுபனியில் பலகை 18 சதவீத ஈரத்துக்குக் கீழே இறங்காது. கீழே எங்கள் வெயிலில் அடுக்கிவைத்தால் நன்றாக இறங்கும். எஸ்டேட் மரம் வாங்கினால் 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வெட்ட அனுமதி இருக்கிறதா, லாரிக்குப் பாஸ் இருக்கிறதா என்று காகிதத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். இன்னொரு விஷயம், மிளகுக் கொடி ஏற்றிய மரத்தில் பழைய ஆணியும் கம்பியும் உள்ளே புதைந்திருக்கும். எங்கள் வாள் பல் போவது அதில்தான். முதல் எட்டடியை அந்த மாதிரி மரத்தில் நான் அறுக்கவே வாங்குவதில்லை.


பதில்: ஆப்பும்_உளியும் (குன்னூர்)

மரவாடி அண்ணன் சொன்னது பொன். அதிலேயே மழைக் கதையும் பாதி வந்துவிட்டது.

மரம் காற்றில் இருக்கும் ஈரத்தோடு சமன் செய்துகொள்ளும். காற்று ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் மரம் 12 சதவீதத்தில் நிற்கும். 90 சதவீத மூடுபனியில் 20 வரை ஏறும். 20க்கு மேல் நீண்ட நாள் நின்றால்தான் அழுகல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அதனால் ஈரமே படாமல் பார்ப்பதைவிட, பட்ட ஈரம் வெளியேற வழி வைப்பதுதான் நம் வேலை. பழைய எஸ்டேட் பங்களாக்களில் தரைக்குக் கீழே, சுவரடியில் வார்ப்பிரும்புச் சல்லடைகள் பார்த்திருப்பீர்கள். தரைப்பலகைக்கு அடியில் காற்று ஓடத்தான் அவை. பிற்காலத்தில் எலி வருகிறது என்று சிமென்ட் வைத்து அடைத்த பங்களாக்களில்தான் தரை தட்டினால் பொத்தென்று இருக்கும்.

தூணின் அடிப்பாகத்தை ஒரு பார்வை பார்ப்போம். கல் பீடம் தரையிலிருந்து குறைந்தது 200 மி.மீ. உயரம். அதன்மேல் துத்தநாகம் பூசிய இரும்புச் செருப்பு, அதாவது தூண் உட்காரும் தாங்கி. செருப்பின் தட்டுக்கும் பீடத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி, தட்டில் ஒரு துளை. தூணின் அடிமுகம், அதாவது நார் வெட்டுப்பட்ட முகம்தான் தண்ணீரை உறிஞ்சும் வாய், அங்கே இரண்டு கோட் மெழுகுச் சீலர். தூணைச் சுற்றி அழகாக டைல்ஸ் ஒட்டிச் சிமென்ட் பூசும் கொத்தனாரை அந்தப் பக்கமே விடாதீர்கள். கூரை இறக்கம் சுவருக்கு வெளியே நாலடி நீளட்டும். இதற்கு மேல் எந்த பாலிஷும் தேவைப்படாது.

வேலைக்காலம்: கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர் மழைதான் பெரியது. ஜனவரியில் தூண் நிறுத்தினால் மார்ச்சுக்குள் கூரைத் தகடு மேலே ஏறிவிட வேண்டும். ஆணித்தளம் நனைந்தால் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் தண்ணீர் நின்று, தளமே பக்கவாட்டில் உப்பி உத்தரத்தைத் தள்ளும். இருபது பலகைக்கு ஒரு முறை சின்ன இடைவெளி விட்டு அடிக்கச் சொல்லுங்கள். அதற்காகத்தான் அது.

உங்கள் மாமனாருக்கு: உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கார்பன். ஒரு கன மீட்டர் ஐரோப்பிய ஸ்ப்ரூஸ் உலர் எடை 420 கிலோ என்றால் 210 கிலோ கார்பன், காற்றுக் கணக்கில் 770 கிலோ கரியமில வாயு. சில்வர் ஓக் இன்னும் கனம், இன்னும் கூடுதலாகப் பிடித்து வைத்திருக்கும். உங்கள் தளம் 39 கன மீட்டர், ஸ்ப்ரூஸ் கணக்கிலேயே 30 டன் கரியமில வாயு. ஆனால் வெட்டிய இடத்தில் மறுபடி நட்டால்தான் இந்தக் கணக்கு செல்லும். சோலைக் காட்டு மரம் ஒன்றைக்கூடத் தொடக் கூடாது. நிழல் மரம் நட்டு, வெட்டி, நடும் எஸ்டேட்டில் வாங்குங்கள், அவர் சமாதானமாகிவிடுவார். தேயிலை ஃபேக்டரியில் இருந்தவர் என்கிறீர்கள், பழைய ஃபேக்டரிகளில் இலை வாட்டும் மாடியின் மரத்தரை எப்படி நின்றது என்று அவரையே கேளுங்களேன். பச்சை இலையின் ஈரத்தையெல்லாம் பார்த்த தரை அது.


கேட்டவர்: தேயிலைக்கணக்கு (கோத்தகிரி)

கேட்டேன். ‘அந்த மாடியில் நாலு பக்கமும் ஜன்னல் இருந்ததே’ என்று மட்டும் சொன்னார். ஒத்துக்கொண்டாரா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்னும் மூன்று சந்தேகம். கழிப்பறை எங்கே வைப்பது? மேலே நடந்தால் கீழே இரவு ஷிப்டில் போன் பேசும் பிள்ளைகளுக்குச் சத்தம் கேட்குமா? காப்பீடு பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.


பதில்: ஆப்பும்_உளியும் (குன்னூர்)

கழிப்பறையும் பேன்ட்ரியும் மரத்தில் வேண்டாம். சரிவின் மேல்பக்கம், மண்ணைத் தொடும் முனையில், கல்லும் கான்கிரீட்டும் கொண்டு ஒரு தனிக் கட்டுப்போல் இரண்டு மாடிக்கும் எழுப்பி, மாடிப்படியையும் அதிலேயே வையுங்கள். பக்கவாட்டு விசையை அதுவே வாங்கிக்கொள்ளும். ஒரு குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனால் கான்கிரீட்டில் கறை, மரத்தில் அழுகல்.

சத்தம் கேட்கும். எடை குறைந்த தளத்துக்கு இருக்கும் உண்மையான குறை இதுதான், ஆர்க்கிடெக்ட் சொல்லியிருக்கமாட்டார். பிளைவுட் மேல் 10 மி.மீ. ரப்பர் பாய், அதன்மேல் 50 மி.மீ. கான்கிரீட், ஓரத்தில் சுவரைத் தொடாமல். நான் எடைக் கணக்கில் ஏற்கனவே அதைச் சேர்த்தது இதனால்தான். இரவு ஷிப்டை மேல்மாடிக்கு மாற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை செலவில்லாமல் தீரும்.

காப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. தீக்காப்பீட்டு விதிகளில் மரப்பலகைச் சுவரோ மரப்பலகைக் கூரையோ இருந்தால், ஓலைக் குடிசையோடு சேர்த்துக் ‘கச்சா கட்டுமானம்’ என்று வகைப்படுத்தும் வாசகம் உண்டு. பிரீமியம் ஏறும். அதனால் வெளிச்சுவரைச் செங்கல்லிலோ மண் பிளாக்கிலோ வைத்துக்கொள்ளுங்கள், கூரை மேற்பரப்பு உலோகத் தகடு. சட்டகமும் தளமும் மட்டும் மரம். வரைபடம் இறுதியாகும் முன்பே பாலிசி கொடுப்பவரிடம் வகையை எழுத்தில் வாங்கிவிடுங்கள், வங்கிக் கடனுக்கும் அது உதவும்.


பதில்: மிளகுத்தோட்டம் (பண்ணைக்காடு)

பழனி மலையிலிருந்து ஒரு ஆசாரியின் குறுக்கீடு. உத்தரத்துக்குக் கீழே கண்ணாடித் தடுப்பு வைக்கப் போகிறீர்களா? அலுவலகம் என்றால் வைப்பீர்கள். 300 மி.மீ. உயர உத்தரம் 12 சதவீத ஈரத்தில் பொருத்தி, மழையில் 18க்குப் போனால் நாலரை மி.மீ. உயரம் கூடும். ஒரு சதவீதத்துக்குக் கால் சதவீதம் என்பதுதான் எங்கள் கணக்கு. இடைவெளி இல்லாமல் கண்ணாடி மாட்டினால் முதல் ஐப்பசியிலேயே விரிசல். மேலே 12 மி.மீ. ஆழத்துக்குக் காடி எடுத்து, கண்ணாடி அதற்குள் ஏறி இறங்குகிற மாதிரி வையுங்கள். கதவுக்கும் இதே. நீளவாக்கில் மரம் அசையாது, அங்கே கவலை வேண்டாம்.

ஊட்டித் தம்பியின் ஜன்னல் ஜூலையில் மூடாததும் இதே கணக்குதான். இழைக்கும்போது இடம் விட்டிருக்கமாட்டார்கள்.


பதில்: பனிமூட்டம் (ஊட்டி)

சரிங்க ஆசாரி. ஆனால் அந்த ஜன்னல் இன்னும் மூடவில்லை.


கேட்டவர்: தேயிலைக்கணக்கு (கோத்தகிரி)

எல்லோருக்கும் நன்றி. தடுப்புச் சுவர் இல்லாமல், தூண் அஸ்திவாரத்தோடு மறுபடி வரையச் சொல்லி ஆர்க்கிடெக்ட்டுக்கு எழுதிவிட்டேன். ஐரோப்பியப் பாளம் வேண்டாம் என்றதும் கொஞ்சம் முகம் சுளித்தார், ஆணித்தளம் என்றதும் தானே இரண்டு படம் அனுப்பினார். மண் பரிசோதனைக்கும் ஆள் சொல்லியாயிற்று. மேட்டுப்பாளையத்து அண்ணா, காய்ந்த சில்வர் ஓக் பலகையை நேரில் பார்க்க வேண்டும். சனிக்கிழமை மரவாடி திறந்திருக்குமா?


பதில்: மரவாடி (மேட்டுப்பாளையம்)

மதியம் இரண்டு மணி வரைக்கும் இருப்பேன் மேடம். ஈரம் பார்க்கும் மீட்டர் என்னிடம் இருக்கிறது. அடுக்கின் மேல்பலகையில் வைத்துக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், நடுவிலிருந்து ஒன்றை உருவி, முனையிலிருந்து ஒரு அடி அறுத்துவிட்டு, அந்த வெட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்னிடமும் அப்படியே கேளுங்கள். 14க்கு மேல் காட்டினால் ஏற்ற வேண்டாம்.